சிவப்புக் கொடியா, மேலறை நடுவரா? என்எஃப்எல் ரிப்ளே முறைகள் குறித்த ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து நடத்திவரும் வார இறுதி ஃபிளாக் ஃபுட்பால் (உடல் மோதல் இல்லாத அமெரிக்க ஃபுட்பால்) போட்டியில் சென்ற ஆண்டு ஒரு வாக்கெடுப்பு நடந்தது. எல்லைக்கோட்டருகே ஒரு கைப்பேசியை முக்காலியில் பொருத்தி ஆட்டங்களைப் பதிவு செய்து வந்தோம். நடுவரின் தீர்ப்பு தவறென்று தோன்றினால் அந்தப் பதிவை யார் சொல்லிப் பார்ப்பது என்பதே கேள்வி. அணித் தலைவர் சிவப்புத் துணியை வீசிக் கேட்டால் மட்டும் பார்ப்பது ஒரு வழி. பதிவைக் கவனிப்பதற்கென்றே ஒருவரை உட்காரவைத்து, பிழை கண்ணில் பட்டதும் அவரே நடுவரிடம் சொல்வது இன்னொரு வழி. பருவத்தின் முதல் பாதியை முதல் வழியிலும் மறு பாதியை இரண்டாம் வழியிலும் ஆடிப் பார்த்த பிறகு நான் இரண்டாவதற்கு வாக்களித்தேன். அமெரிக்கத் தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல் இத்தனை ஆண்டுகளாக ஊசலாடிக்கொண்டிருப்பதும் இந்த இரண்டு வழிகளுக்கு நடுவேதான் என்பதால், அவற்றை அருகருகே வைத்துப் பார்க்க முயல்கிறேன்.

முதல் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தலைமைப் பயிற்சியாளர் ஒரு ஆட்டத்தில் இரண்டு முறை சிவப்புக் கொடியை வீசி மறுஆய்வு கோரலாம். கோரிக்கை தோற்றால் ஒரு டைம்அவுட் (ஆட்டத்தை நிறுத்திக்கொள்ளும் வாய்ப்பு) பறிபோகும். இரண்டிலும் வென்றால்தான் மூன்றாவது என்றிருந்த விதி 2024-இல் தளர்த்தப்பட்டு, ஒன்றில் வென்றாலே மூன்றாவது கிடைக்கிறது. ஆட்டத்துக்குள் புள்ளி கிடைத்த நகர்வுகள் 2011 முதலும், பந்து எதிரணிக்குக் கைமாறிய நகர்வுகள் 2012 முதலும் யாரும் கேட்காமலே ஆய்வு செய்யப்படுகின்றன. ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களிலும் பயிற்சியாளருக்குக் கொடி கிடையாது. அரங்கின் மேலறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ரிப்ளே அதிகாரிகளே முடிவு செய்வார்கள். கிரிக்கெட்டில் டிஆர்எஸ் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் புரியாதது எதுவும் இருக்காது.

இரண்டாம் வழி என்எஃப்எல்லில் முழு வடிவில் இன்னும் வரவில்லை. களத்தில் இருக்கும் ஏழு நடுவர்களோடு எட்டாவதாக ஒருவரை மேலறையில் அமர்த்தி, திரையைப் பார்த்துக்கொண்டே மற்ற ஏழு பேரைப் போலத் தீர்ப்பில் பங்கெடுக்க விடுவதுதான் அது. பால்டிமோர் ரேவன்ஸும் லாஸ் ஏஞ்சலஸ் சார்ஜர்ஸும் 2020-இல் இதை முன்மொழிந்தன, நிறைவேறவில்லை. எந்த விதி மாற்றத்துக்கும் 32 அணிகளில் 24-இன் ஆதரவு வேண்டும். தாக்குதலை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக்கை அவருடைய அணியினரே பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும் உத்தியைத் தடை செய்யும் முன்மொழிவுக்கு 2025 மே மாதத்தில் 22 வாக்குகள் கிடைத்தும் அது தோற்றது என்பதிலிருந்து இந்த வாசல் எவ்வளவு குறுகலானது என்பது தெரியும்.

சிவப்புக் கொடிக்கு ஆதரவானவர்களின் வாதத்தை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன், ஏனெனில் அதன் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. என்எஃப்எல் 1986-இல் ரிப்ளேயை முதன்முதலாகக் கொண்டுவந்தபோது பயிற்சியாளருக்கு எந்தப் பங்கும் இருக்கவில்லை. மேலறை அதிகாரியே எதைப் பார்ப்பது என்று முடிவு செய்தார். அந்த ஆண்டே ரெய்டர்ஸ், சீஃப்ஸ் அணிகள் மோதிய ஆட்டத்தில், மேலறையிலிருந்து வாக்கி-டாக்கியில் 'இன்கம்ப்ளீட்' (பந்து பிடிபடவில்லை) என்று சொன்னது களத்தில் 'கம்ப்ளீட்' (பிடிபட்டது) என்று காதில் விழ, இல்லாத டச்டவுன் (பந்தை எதிரணியின் இறுதிக் கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் பெறும் புள்ளி) இருப்பதாயிற்று. 1989-இல் பேக்கர்ஸ் அணி பேர்ஸை 14-13 என்று வென்றது, கடைசி நிமிடத்தில் மேலறை திருத்திய ஒரு தீர்ப்பால். பேர்ஸ் தரப்பு பல ஆண்டுகள் தங்கள் ஆவணங்களில் அந்த முடிவுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டே வைத்திருந்தது. 1991 பருவத்தோடு ரிப்ளே நீக்கப்பட்டது. திரும்பி வரக் காரணமாக அமைந்தது 1998 டிசம்பர் 6 அன்று ஜெட்ஸ், சீஹாக்ஸ் ஆட்டம். குவார்ட்டர்பேக் வின்னி டெஸ்டவெர்டேயின் தலைக்கவசம் கோட்டைத் தாண்டியதைப் பந்து தாண்டியதாக நினைத்து நடுவர் டச்டவுன் என்று கைகளை உயர்த்தினார். ஜெட்ஸ் 32-31 என்று வென்றது. அடுத்த ஆண்டே 28-3 என்ற வாக்கில் ரிப்ளே மீண்டும் வந்தபோது, பழைய இழுபறி திரும்பிவிடக் கூடாது என்பதற்காகவே கேட்கும் பொறுப்பைப் பயிற்சியாளரிடம் கொடுத்து, அதற்கு டைம்அவுட் என்ற விலையையும் வைத்தார்கள். எண்ணிக்கை கட்டுக்குள் இருந்தது; ஆட்டம் நீளவில்லை; தேவையில்லாமல் கேட்டவர் நஷ்டப்பட்டார். அன்றைய நிலையில் அது நல்ல ஏற்பாடுதான்.

ஆனாலும் எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு கேள்வி: பிழையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு யாருடையது? சிவப்புக் கொடி முறையில் அந்தப் பொறுப்பு பிழையால் பாதிக்கப்பட்டவரின் தலையில் விழுகிறது. களத்தின் ஓரத்தில், ஆட்டக்காரர்களின் முதுகுகளுக்குப் பின்னால், காதில் ஹெட்செட்டோடு நிற்கும் பயிற்சியாளருக்கு ஐம்பது யார்டுக்கு அப்பால் பந்து தரையைத் தொட்டதா என்று நேரடியாகத் தெரிய வாய்ப்பில்லை. மேலே பெட்டியில் உட்கார்ந்திருக்கும் அவருடைய உதவியாளர்கள் தொலைக்காட்சியில் காட்டப்படும் மறுஒளிபரப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒளிபரப்பாளர் சரியான கோணத்தை உடனே காட்ட வேண்டும். அரங்கத்தின் பெரிய திரை சொந்த அணிக்குப் பாதகமானதைத் தயங்காமல் போட வேண்டும். இதற்குள் எதிரணிக்குத் தங்கள் அதிர்ஷ்டம் புரிந்துவிட்டால், அவசரமாக வரிசையில் நின்று அடுத்த பந்தை ஸ்னாப் செய்து, அதாவது அடுத்த நகர்வைத் தொடங்கி விடுவார்கள். செய்துவிட்டால் முந்தையது முடிந்த கதை. டைம்அவுட் கையில் இல்லாத அணிக்கோ கொடி வீசும் உரிமையே இல்லை. ஆக, வீட்டில் சோபாவில் இருப்பவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த ஒரு பிழை, திருத்த வேண்டியவர்களுக்குத் தெரியாமலோ தெரிந்தும் கேட்க வழியில்லாமலோ அப்படியே நின்றுவிடலாம்.

இதன் உச்சத்தை 2012 நன்றி தெரிவிக்கும் நாளன்று டெட்ராயிட்டில் பார்த்தோம். டெக்ஸன்ஸ் அணியின் ஜஸ்டின் ஃபோர்செட் பந்தோடு விழுந்தபோது முழங்காலும் முழங்கையும் தரையில் பட்டன, விசில் ஊதப்படவில்லை, அவர் எழுந்து ஓடி 81 யார்டு டச்டவுனை முடித்தார். புள்ளி கிடைத்த நகர்வு என்பதால் அது தானாகவே ஆய்வுக்குப் போயிருக்க வேண்டும். கோபத்தில் லயன்ஸ் பயிற்சியாளர் ஜிம் ஷ்வார்ட்ஸ் சிவப்புக் கொடியை வீசினார். தானாக ஆய்வு செய்யப்படும் நகர்வுக்குக் கொடி வீசக் கூடாது. வீசினால் 15 யார்டு தண்டனை, அதோடு ஆய்வும் ரத்து என்பது அன்றைய விதி. நாடே பார்த்த பிழை, கேட்ட விதம் தவறு என்பதற்காகப் புள்ளிப் பலகையில் நிலைத்தது. லயன்ஸ் கூடுதல் நேரத்தில் 34-31 என்று தோற்றது. அடுத்த ஆண்டே அந்த விதியை மாற்றினார்கள். ஆனால் பிழை நடந்ததா என்பதைவிட யார், எப்போது, எப்படிக் கேட்டார் என்பது பெரிதாகிவிடும் குணம் அந்த ஒரு விதியோடு போய்விடவில்லை. கொடியைச் சுற்றிக் கட்டப்பட்ட எந்த முறையிலும் அது ஏதாவதொரு வடிவில் இருக்கவே செய்யும்.

எங்கள் மைதானத்தில் நடந்தது சிறிய விஷயம்தான், ஆனால் என் மனத்தை மாற்றியது அதுதான். மழை பெய்து ஓய்ந்த ஓர் அக்டோபர் காலையில், மூலையில் பந்தைப் பிடித்த இளைஞரின் குதிகாலுக்கடியில் எல்லைக்கோட்டின் வெள்ளைச் சுண்ணாம்பு ஈரத்தோடு பிசிறியது கைப்பேசிப் பதிவில் அவ்வளவு தெளிவாக இருந்தது. நடுவர் மறுபக்கத்தில் நின்றிருந்ததால் டச்டவுன் கொடுத்துவிட்டார். எதிரணித் தலைவரோ தமக்கிருந்த ஒரே கோரிக்கையை முதல் பாதியிலேயே செலவழித்துத் தோற்றிருந்தார். ஆட்டம் முடிந்த பிறகு எல்லோரும் குனிந்து அந்தச் சிறிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் என்னிடம், "அண்ணா, எல்லாரும் பார்த்துட்டோம். மாத்தத்தான் முடியாது, இல்லையா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அடுத்த வாரம் முதல் திரைக்குப் பின்னால் ஒருவரை உட்காரவைத்தோம்.

இரண்டாம் வழிக்கு எதிராக அடிக்கடி காட்டப்படும் சான்று 2019 பருவம். அந்த ஆண்டு ஜனவரியில் செயின்ட்ஸ், ராம்ஸ் அணிகள் சூப்பர் பவுல் வாய்ப்புக்காக மோதிய ஆட்டத்தில், இரண்டு நிமிடங்களுக்கும் குறைவாக இருந்தபோது, பந்து வந்து சேர்வதற்கு முன்பே டாமிலீ லூயிஸை நிக்கல் ராபி-கோல்மன் மோதித் தள்ளினார். தவறைக் குறிக்க நடுவர் வீசும் மஞ்சள் கொடி விழவில்லை. ராம்ஸ் கூடுதல் நேரத்தில் 26-23 என்று வென்றது. அந்த வகைத் தவறை அப்போது யாராலும் மறுஆய்வுக்கு உட்படுத்த முடியாது. மார்ச்சில் 31-1 என்ற வாக்கில் பாஸ் இன்டர்ஃபியரன்ஸையும் (பந்தைப் பிடிக்கவிடாமல் மோதித் தடுப்பது) ரிப்ளேக்குள் கொண்டுவந்தார்கள். ஒரே பருவத்தில் அது கைவிடப்பட்டது. இதைக் காட்டி, கருத்து சார்ந்த தீர்ப்புகளில் திரை தலையிட்டால் இப்படித்தான் ஆகும் என்கிறார்கள். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். அந்த ஆண்டு மாறியது எதைக் கேட்கலாம் என்ற பட்டியல் மட்டுமே. கேட்கும் முறை மாறவில்லை. கடைசி இரண்டு நிமிடங்களைத் தவிர்த்தால் பயிற்சியாளர்தான் கொடி வீச வேண்டும். லீக்கின் நியூயார்க் ரிப்ளே மையம் மெதுவோட்டத்தில் ஒவ்வொரு சட்டகமாகப் பார்த்து, களத்தின் தீர்ப்பைத் தெளிவாகவும் வெளிப்படையாகவும் மறுக்க முடிந்தால் மட்டுமே மாற்ற வேண்டும். மெதுவோட்டத்தில் பார்த்தால் எந்த இரண்டு வீரர்களின் கைகளும் உரசிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே மையம் பெரும்பாலும் மாற்ற மறுத்தது, பயிற்சியாளர்கள் நம்பிக்கை இழந்தார்கள். மேலறையில் இருக்கும் எட்டாவது நடுவர் அதே காட்சியை ஓட்ட வேகத்தில் ஒருமுறை பார்த்து, "இது தவறு" என்று தலைமை நடுவரான ரெஃபரியின் காதில் சொல்லியிருந்தால் லூயிஸ் விவகாரம் சில நொடிகளில் முடிந்திருக்கும்.

என்எஃப்எல் இந்தத் திசையில் மெல்ல நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 2021 முதல் ரிப்ளே அதிகாரி, பந்து பிடிக்கப்பட்டதா, எல்லைக்கு வெளியே போனதா போன்ற கண்ணால் உறுதி செய்யக்கூடிய விஷயங்களை ஆட்டத்தை நிறுத்தாமலே ரெஃபரிக்குச் சொல்லலாம். 2025-இல் இந்த உதவி முகக்கவசத்தைப் பிடித்து இழுத்தல், பின்கழுத்துப் பட்டையைப் பிடித்து வீழ்த்துதல், காலைத் தட்டிவிடுதல், தற்காத்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்கும் வீரர் மீது மோதுதல் ஆகியவற்றுக்கும் விரிந்தது. ஆனால் இந்தத் தவறுகளில், களத்தில் மஞ்சள் கொடி விழுந்திருந்தால்தான் தலையிடலாம். விழுந்த கொடியை எடுக்கலாம், விழாத கொடியைப் போட முடியாது. அதாவது லூயிஸ் மோதல் நாளையே மறுபடி நடந்தாலும் மேலறை வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அப்பாவிக்குக் கிடைத்த தண்டனையை நீக்குவதும் தப்பியவரைப் பிடிப்பதும் ஒரே நியாயத்தின் இரண்டு பக்கங்கள்தானே. முதலாவதை ஏற்றுக்கொண்ட பிறகு இரண்டாவதை மறுப்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

திரைக்கும் எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2025 ஜனவரியில் பில்ஸ், சீஃப்ஸ் மோதிய ஆட்டத்தில் பந்தைத் தக்கவைக்கும் கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் பில்ஸின் ஜோஷ் ஆலன் ஒரு யார்டுக்கும் குறைவான தூரத்தைக் கடந்தாரா என்பது மனிதக் குவியலுக்கு அடியில் மறைந்துபோனது. கேமராக்கள் பல இருந்தும் தீர்ப்பை மாற்றும் அளவுக்குக் காட்சி கிடைக்கவில்லை. கிரிக்கெட்டில் நமக்குப் பழக்கமான ஹாக்-ஐ நிறுவனத்தின் கேமராக்கள் 2025 முதல் அளவுச் சங்கிலிக்குப் பதிலாக ஃபர்ஸ்ட் டவுன் தூரத்தை (பந்தைத் தக்கவைக்கக் கடக்க வேண்டியது) அளக்கின்றன, நேரம் மிச்சமாகிறது. என்றாலும் பந்தை எந்த இடத்தில் வைப்பது என்பதை இன்றும் நடுவர்தான் கண்ணால் பார்த்து முடிவு செய்கிறார். இந்த வகைப் பிழையில் இரண்டு வழிகளும் ஒரே அளவுதான் உதவும். எட்டாவது நடுவர் வந்தாலும் குவியலை ஊடுருவிப் பார்க்கப் போவதில்லை.

நேரத்தைப் பற்றிய அச்சத்துக்கு என்னிடம் பாதிப் பதில்தான் உண்டு. திருத்தம் ஒலிவாங்கி வழியாக அடுத்த ஸ்னாப்புக்கு முன்பே வந்துவிட்டால், ரெஃபரி ஓரத்துக்கு நடந்துபோய்க் கையடக்கத் திரையைப் பார்த்துத் திரும்பும் நேரம் மிச்சம் என்பது உறுதி. ஆனால் விழாத கொடிகளைப் போடும் அதிகாரம் கிடைத்தால் மேலறை எத்தனை முறை வாய் திறக்கும் என்பதற்கு நல்ல முன்னுதாரணம் கிடையாது. 2019-இல் ஏஏஎஃப் என்ற புதிய லீக் மேலறை நடுவரை வைத்து ஆடியது. எட்டே வாரங்களில் லீக்கே நின்றுபோனதால் அந்த அனுபவத்தை வைத்துப் பெரிதாக வாதிட முடியாது. எங்கள் அரைப் பருவமோ உடல் மோதல் இல்லாத ஆட்டம். அதன் கணக்கை என்எஃப்எல்லுக்கு நீட்டுவது சரியாகாது. ஆகவே முதல் ஆண்டு அந்த அதிகாரத்தைப் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ், தலை மீதான மோதல் ஆகிய இரண்டோடு நிறுத்தி, ஓட்ட வேகத்தில் ஒருமுறை பார்த்ததில் தெரிந்தால் மட்டும் பேசலாம் என்று வரையறுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

சிவப்புக் கொடியை அறவே எடுத்துவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. மேலறையும் தவறவிடக்கூடும் என்பதால் எங்கள் போட்டியிலும் அணிக்கு ஒன்று என்று அந்தத் துணியை வைத்திருக்கிறோம். திரைக்குப் பின்னால் ஆள் வந்த பிறகு அது இரண்டே முறை வெளியே வந்தது. முதல் முறை கேட்டவர் தோற்றார், இரண்டாம் முறை கைப்பேசியின் முன்னால் ஒரு குடை குறுக்கே வந்திருந்தது.