சிவில் வகுப்பில் மூடுல் வினாடி வினா: எங்கே கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது

பாடம் நடத்தவும் தேர்வு வைக்கவும் இணையத்தில் பயன்படும், 2002 முதல் புழக்கத்தில் உள்ள கட்டற்ற மென்பொருள் மூடுல். அதைப் பாடக்குறிப்பு போட்டுவைக்கும் அலமாரியாக மட்டும் வைத்திருப்பது பெரிய வீண். ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் போன்ற கணக்குப் பாடங்களில் மாணவர் எதைக் கற்றார், எங்கே தடுமாறுகிறார் என்று பார்க்க அதிலுள்ள ‘கால்குலேட்டட்’ வகைக் கேள்வி அருமையான கருவி.

ஓர் எடுத்துக்காட்டு: சிம்ப்ளி சப்போர்ட்டட் பீமில் (இரு முனைகளிலும் தாங்கி மட்டும் உள்ள உத்திரம்) சீராகப் பரவிய பளு; அதிகபட்ச பெண்டிங் மொமென்ட் (வளைக்கும் திருப்புவிசை) என்ன? பளுவுக்கும் நீளத்துக்கும் எல்லை கொடுத்தால் ஒவ்வொருவருக்கும் வேறு எண்கள் வரும், பார்த்து எழுதுவது குறையும். சரியான சூத்திரம் பளு × நீளம்² ÷ 8 (இங்கே பளு என்பது ஒரு மீட்டருக்கான பளு). அதோடு நிறுத்திவிடாதீர்கள். தவறான சூத்திரங்களையும் பூஜ்ஜிய மதிப்பெண்ணுடன் விடைகளாகச் சேர்க்கலாம்: நீளம்² ÷ 2 என்றால் கேன்டிலீவரோடு (ஒரு முனை மட்டும் பொருத்தப்பட்டது) குழப்பம், நீளம்² ÷ 12 என்றால் ஃபிக்ஸட் பீமோடு (இரு முனையும் இறுகப் பொருத்தப்பட்டது) குழப்பம், பளு × நீளம் ÷ 2 என்றால் தாங்கியின் எதிர்விசையான ரியாக்‌ஷனையே மொமென்ட்டாக எழுதியிருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் தனிப் பின்னூட்டம் எழுதலாம். எத்தனை பேர் எந்தத் தவறில் விழுந்தார்கள் என்பதைப் புள்ளிவிவர அறிக்கை காட்டிவிடும்.

இதில் பலரும் கவனிக்காத பொறி ஒன்று உண்டு. நீளம் 4 மீட்டரானால் ரியாக்‌ஷனும் மொமென்ட்டும் ஒரே எண். தப்பாகப் போட்டவருக்கும் முழு மதிப்பெண் விழும். 8 மீட்டரில் மொத்தப் பளுவே விடையாகிவிடும். 6 மீட்டரில் ஃபிக்ஸட் பீம் தவறும் எதிர்விசைத் தவறும் ஒரே எண்ணைத் தரும், எது எதுவென்று பிரிக்க முடியாது. ஆகவே 5 முதல் 7.5 மீட்டர் வரை, ஒரு தசம இடத்தோடு வைத்து, 6.0 வந்த வரிசைகளைக் கையால் மாற்றிவிடுங்கள். டாலரன்ஸ் (விடையில் அனுமதிக்கும் விலகல்) ஒரு சதவீதம் போதும். அலகை மாணவரே தட்டச்சு செய்யட்டும். பட்டியலில் கொடுத்தால் அதுவே விடையைக் காட்டிக்கொடுக்கும்.

வகுப்பில் பலர் ரியாக்‌ஷனை எழுதியிருந்தால், சூத்திரத்தை மறுபடி மனப்பாடம் செய்யச் சொல்லிப் பயனில்லை. பீமை நடுவில் வெட்டி, இடப்பக்கத்து விசைகளை வரைந்து, ஒவ்வொன்றின் மொமென்ட்டையும் கூட்டச் சொல்லுங்கள். பிறகு அதே கேள்வியைப் புது எண்களோடு கொடுத்து, அந்தத் தவறு குறைந்ததா என்று பாருங்கள். புள்ளிவிவர அறிக்கையில் டிஸ்கிரிமினேஷன் எண் நெகட்டிவாக வந்தால், அதாவது நன்றாகப் படிப்பவர்களே அந்தக் கேள்வியில் சறுக்கினால், முதலில் விடைச் சூத்திரத்தைச் சரிபாருங்கள்.

குறைகளும் உண்டு. காம்பிடென்சியை (மாணவர் அடைய வேண்டிய திறன்) முழு வினாடி வினாவோடுதான் இணைக்க முடிகிறது, தனிக் கேள்வியோடு அல்ல. கோர்ஸ் அவுட்கம் (பாட முடிவில் மாணவர் அடைய வேண்டியது) வாரியாக அளக்க வேண்டியவர்களுக்கு இது நிஜமான தொல்லை. ஒரு அவுட்கமுக்கு ஒரு சிறு வினாடி வினா என்று பிரித்து வைப்பதே நடைமுறை வழி. ஃப்ரீ பாடி டயகிராம் (ஒரு பொருளின் மீதான விசைகளைக் காட்டும் படம்), டிடெய்லிங் வரைபடம் போன்றவற்றை இது தானாகத் திருத்தாது. அவற்றுக்கு அசைன்மென்ட்டில் ரூப்ரிக் (நிலைவாரியாக மதிப்பெண் தரும் அட்டவணை) போட்டு நீங்களேதான் பார்க்க வேண்டும். அந்த ரூப்ரிக்கிலும் மிகக் குறைந்த நிலைக்கு 0 கொடுங்கள். 1 என்று தொடங்கினால், அமைப்பைப் பொறுத்து அது பூஜ்ஜியமாகவே கணக்கிடப்பட்டு, நீங்கள் நினைத்ததைவிடக் குறைந்த மதிப்பெண் பதிவாகலாம்.