விக்டோரியா கால வரவேற்பறை: குதிரைமுடி சோபாவா, கோரை நாற்காலியா?

1850-களில் லண்டனில் வசதியான வீட்டு வரவேற்பறை என்றால் கண்ணுக்கு ஓய்வே கிடையாது. கணப்புக்கு மேலே தங்க முலாம் சட்டமிட்ட பெரிய கண்ணாடி. ஜன்னலில் லேஸ் திரை, அதற்கு மேல் கனத்த திரை இன்னொன்று. மூலை மேஜையில், கவிழ்த்த கண்ணாடிக் கூண்டுக்குள் மெழுகுப் பழங்கள். மகாகனி சோபாவில் குதிரைமுடித் துணி: கறுப்பு, வழவழப்பு, உட்கார்ந்தால் வழுக்கும், ஓரம் பிரிந்தால் குத்தும். ஆனால் லேசில் கிழியாது.

வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸ் 1861-ல் நண்பர்களோடு தொடங்கிய வீட்டு அலங்கார நிறுவனம் வேறு வழி காட்டியது. அவர்களுடைய சசெக்ஸ் நாற்காலியைப் பாருங்கள்: மெல்லிய கறுப்பு மரச்சட்டம், கோரை பின்னிய இருக்கை, ஒரு கையால் தூக்கி நகர்த்தலாம். சுவரில் ஒட்டிய தாளில், மர அச்சால் கையாலேயே பதித்த கொடியும் பூவும்.

என் மனம் மோரிஸ் பக்கம்தான். அந்த அறையில் மூச்சு விட இடம் இருக்கிறது. சரி, குறையே இல்லையா? கையச்சுத் தாள் விலை அதிகம், சாதாரண வீடுகளுக்கு எட்டாது. தொடக்க காலத் தாள்களின் பச்சையில் ஆர்சனிக் என்ற நஞ்சும் கலந்திருந்தது.

லண்டனின் கென்சிங்டன் பகுதியில் கேலிச்சித்திரக்காரர் லின்லி சாம்போர்ன் 1875-ல் குடியேறிய வீடு இன்று அருங்காட்சியகம். அங்கே மோரிஸ் தாளும் உண்டு, பழைய நெரிசலும் உண்டு.