டிஃபென்ஸை நடத்துவது யார்: மிடில் லைன்பேக்கரா, சேஃப்டியா?

நியூ ஜெர்சியில் ஒரு பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில், டிஃபென்ஸ் பக்கம், அதாவது எதிரணி பந்தோடு முன்னேறுவதைத் தடுக்கும் 11 பேருக்கு, உதவிப் பயிற்சியாளராக இருக்கிறேன். களத்தில் டிஃபென்ஸை நடத்தும் பொறுப்பை எந்த இடத்தில் ஆடும் பையனிடம் கொடுப்பது என்று இந்த சீசனுக்கு முன்னால் ஒரு விவாதம் ஓடியது. கடைசியில் மிடில் லைன்பேக்கரிடம், அதாவது முன்வரிசைக்குச் சற்றுப் பின்னால் நடுவில் நிற்பவரிடம், கொடுத்தோம். என் ஓட்டும் அதற்குத்தான். ஆனால் எல்லோருக்கும் பின்னால் கடைசிக் காவலாக நிற்கும் சேஃப்டி என்று சொன்னவர்களின் வாதமும் லேசுப்பட்டதல்ல.

நாணயம் சுண்டும்போது நடுவில் போய் நிற்கும் கேப்டனைப் பற்றி நான் பேசவில்லை. ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் கணம்) முன்னால் பயிற்சியாளர் சொன்ன திட்டத்தை மற்ற 10 பேருக்கும் சேர்ப்பவர், எதிரணி கடைசி நொடியில் ஆள் மாற்றி நின்றால் திட்டத்தையும் மாற்றுபவர், அவரைத்தான் சொல்கிறேன்.

கார்னர்பேக்கை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். களத்தின் அகலம் 53 யார்டுக்குக் கொஞ்சம் மேல். அவர் ஓர் ஓரத்தில், தான் மறிக்க வேண்டிய எதிரணி ரிசீவரோடு (எறியும் பந்தைப் பிடிப்பவர்) தனியாக நிற்கிறார். முன்வரிசையான டிஃபென்சிவ் லைனில் மனத்தளவில் தலைவர்கள் நிறையப் பேர் உண்டு. அந்த வரிசையில் ஆடிய ஆரன் டொனால்ட் ஒரு ஆட்டத்தின் போக்கையே மாற்றியிருக்கிறார். ஆனால் அந்த இடத்தில் நின்றால் கண்ணுக்கு முன்னால் இருப்பது ஒரு பெரிய உடம்பு, அவ்வளவுதான். போதாததற்கு, மூச்சு வாங்க அடிக்கடி வெளியே போய் வரவும் வேண்டும்.

ஆக, போட்டி இரண்டு பேருக்குள்தான். சேஃப்டி 10, 15 யார்டு பின்னால் நிற்பதால் களம் முழுவதும் அவர் கண்ணுக்குள் இருக்கும். எங்கள் விவாதத்தில் ஒருவர், விக்கெட் கீப்பர் தோனி கேப்டனாக இருந்து ஜெயிக்கவில்லையா என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் கிரிக்கெட்டில் இரண்டு பந்துகளுக்கு நடுவே எல்லோரும் திரும்பி கீப்பரைப் பார்க்கலாம். இங்கே அது நடக்காது. எனக்கு முடிவைத் தீர்மானித்ததே அந்த வித்தியாசம்தான்.

டிஃபென்சிவ் லைன்மேன் ஒரு கையைத் தரையில் ஊன்றி, பந்தையே பார்த்துக்கொண்டு குனிந்திருப்பார். திரும்பிப் பார்த்தால் ஸ்னாப்பில் அரை நொடி போய்விடும். அவருக்குச் செய்தி போக காது ஒன்றே வழி. பின்வரிசை அப்படியில்லை, கார்னரும் சேஃப்டியும் நிமிர்ந்து நிற்கிறார்கள், தலையைத் திருப்பலாம், கைச்சாடை புரியும். அதாவது லைன்பேக்கர் முன்னால் இருப்பவர்களுக்கு வாயாலும் பின்னால் இருப்பவர்களுக்குக் கையாலும் சொல்லிவிடலாம். சேஃப்டி என்னதான் கத்தினாலும் லைன்மேனின் காதுக்கு நிச்சயமாகப் போகும் என்று சொல்ல முடியாது. நாலைந்து யார்டு பின்னால் நிற்கும் லைன்பேக்கருக்கு இன்னொரு வசதியும் உண்டு: சத்தம் தாங்கவில்லையென்றால் இரண்டு எட்டு முன்னால் போய் லைன்மேனின் இடுப்பில் தட்டி, இடப்பக்கம் நகரு என்று காட்டிவிட்டு வரலாம்.

சத்தம் என்பதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். எதிரணி பந்தோடு நிற்கும்போதுதான் உள்ளூர் ரசிகர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். 2014 செப்டம்பரில் கான்சாஸ் சிட்டியின் ஆரோஹெட் மைதானத்தில் 142.2 டெசிபல் என்று கின்னஸ் சாதனையே பதிவானது. எதிரணியைக் குழப்பப் போடும் அந்தச் சத்தத்தில் சொந்த டிஃபென்ஸின் காதும்தான் அடைக்கிறது!

என்எஃப்எல் என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் 2008 முதல் டிஃபென்ஸில் ஒருவருக்கு, பயிற்சியாளர் சொல்வதைக் கேட்க ஹெல்மெட்டுக்குள் ரேடியோ உண்டு; ஹெல்மெட்டின் பின்பக்கம் பச்சைப் புள்ளி ஒட்டியிருக்கும். ஆனால் அடுத்த ஸ்னாப்புக்குள்ள நேரத்தைக் காட்டும் பிளே கிளாக்கில் 15 வினாடி மிச்சமிருக்கும்போதே அந்த ரேடியோ நின்றுவிடும். பந்தை வாங்கி எதிரணியின் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் அதற்கப்புறம்தான் ஆளை இடம் மாற்றுவார், ஆட்டத்தையே மாற்றுவார். எங்கள் மட்டத்தில் அந்த ரேடியோவும் கிடையாது. மணிக்கட்டில் கட்டிய அட்டையும் பையனின் தொண்டையும்தான்.

என்எஃப்எல்-இன் பால்டிமோர் அணியில் ரே லூயிஸும் எட் ரீடும் பல வருடங்கள் ஒன்றாக ஆடினார்கள். நடுவில் லூயிஸ், பின்னால் ரீட். எதிரணியைப் படிப்பதில் ரீட் யாருக்கும் குறைந்தவரில்லை. 64 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது) சும்மா வரவில்லை. ஆனால் குவார்ட்டர்பேக்கை ஏமாற்ற, தன் இடத்தை விட்டுத் துணிந்து பாய்ந்ததும் அவர் பலத்தில் பாதி. அப்படிப்பட்டவரின் தலையில் மற்ற 10 பேரையும் நிறுத்தும் வேலையை ஏற்றினால், அந்தப் பாய்ச்சல்தான் குறையும் என்று எனக்குத் தோன்றுகிறது.

லைன்பேக்கரைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஒன்று, பாஸ் வரும், அதாவது எதிரணி பந்தை எறியும் என்று தெரிந்தால் பயிற்சியாளர்கள் லைன்பேக்கரை எடுத்துவிட்டு, பின்வரிசைக்கு இன்னொரு டிஃபென்சிவ் பேக்கை இறக்குவார்கள். தலைவரே வெளியே உட்கார்ந்தால் எப்படி? அதனால் பலமாக மோதுபவரைவிட, டைட் எண்டோடு (பாஸ் பிடிக்கவும் ஓடும் எதிரணி ஆட்டக்காரர்) ஓடிப் பாஸைத் தடுக்கத் தெரிந்தவர் வேண்டும். சான் பிரான்சிஸ்கோவின் ஃபிரெட் வார்னர் அந்த ரகம். எங்கள் அணியிலும் உருவத்தில் பெரிய பையனை விட்டுவிட்டு, நன்றாக ஓடுபவனைத்தான் எடுத்தோம். இதில் சில பெற்றோருக்குக் கொஞ்சம் வருத்தம். சரி, அது வேறு கதை.

இரண்டாவது, அடி. கரோலினாவின் லூக் கீக்லி எதிரணியின் ஆட்டத்தை முன்கூட்டியே கத்திச் சொல்வதில் பேர் போனவர். தலைக்காயத்தால் அடுத்தடுத்த சீசன்களில் ஆட்டங்களைத் தவறவிட்ட அவர், 2020 ஜனவரியில் 28 வயதிலேயே ஓய்வு பெற்றார். அதனால் சேஃப்டிக்கும் எல்லா உத்தரவுகளையும் சொல்லிக் கொடுத்து, பயிற்சியில் அவ்வப்போது அவனையே நடத்தச் சொல்கிறோம்.

என்எஃப்எல்-இல் கணக்கு மாறலாம். சார்ஜர்ஸ் அணியில் சேஃப்டி டெர்வின் ஜேம்ஸ் பச்சைப் புள்ளி அணிந்து நன்றாகவே நடத்தியிருக்கிறார். அங்கே லைன்மேன்களும் அனுபவசாலிகள். பாதியைத் தாங்களாகவே புரிந்துகொள்வார்கள். நடுவில் இரண்டு லைன்பேக்கர்கள் நிற்கும் 3-4 அமைப்பில் (முன்வரிசையில் 3 பேர், லைன்பேக்கர்கள் 4 பேர்) யார் பேசுவது என்பதிலும் எனக்கு அனுபவம் குறைவு. நாங்கள் ஆடுவது 4-3. உங்கள் அணியில் லைன்பேக்கர் வாய் திறக்காத பையனாகவும், சேஃப்டி நாலு வருடம் ஆடியவனாகவும் இருந்தால் நானும் சேஃப்டியிடம்தான் கொடுப்பேன். ஆனால் அப்போது லைன்மேன்களிடம் நகரச் சொல்லும் அந்த ஒரு வேலையை மட்டும் லைன்பேக்கரிடமே விட்டுவைப்பேன்.