பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு இந்த ரெயின்கோட் சரிவருமா?

புதுச்சேரி நேரு வீதிக் கடை ஒன்றில் காட்டுப்பச்சை ரெயின்கோட்டும் பேன்ட்டும் வாங்கினேன், ஊசுடு ஏரிக்கும் மழைக்காலத்தில் கல்வராயன் மலைக்கும் போட்டுக்கொள்ள. வேட்டை நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஆனால் மலை வேட்டைக்காரர்கள் உடையில் பார்க்கிற விஷயங்கள் பைனாகுலரோடு போகிற நமக்கும் பொருந்தும்.

முதலில் சத்தம். கையைத் தூக்கினால் சரசரக்கக் கூடாது. இதன் வெளித்துணி மெத்தென்று இருப்பதால் நாரைக்குக் கொஞ்சம் பக்கத்திலேயே போக முடிந்தது, பிளாஸ்டிக் கோட்டில் அது நடக்கவே நடக்காது.

அப்புறம் தையல். 10,000 மி.மீ. உயரத்துக்கு நிற்கிற தண்ணீரின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள், சரி, ஆனால் துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊசித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும், அதனால் உள்பக்கத்தைத் திருப்பி எல்லாத் தையலிலும் டேப் ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கோட்டில் முழுக்க இருக்கிறது. பேன்ட்டில் இருக்கைப் பக்கத் தையலை அப்படியே விட்டுவிட்டார்கள், ஈரப் பாறையில் உட்கார்ந்ததும் நனைந்துவிட்டது. வாங்குகிற விலைக்கு இது அநியாயம்.

அக்குளில் ஜிப் இருக்கிறது, நம் கடலோரப் புழுக்கத்துக்கு அது கட்டாயம் வேண்டும்.

இலை டிசைனுக்கு அலைய வேண்டாம், மங்கலான பச்சை போதும், அசையாமல் நிற்பதுதான் முக்கியம். துவைக்கும்போது பளிச்சென்று வெளுக்கும் சோப்புத்தூள் போடாதீர்கள்: அதிலுள்ள பொருள் புற ஊதா ஒளியை வாங்கித் துணியை மினுங்க வைக்கும், பறவைகளின் கண்ணுக்கு நிறமும் நன்றாகத் தெரியும்.

கோட்டைத் தனியாகக் கொடுத்தால் தயங்காமல் வாங்கலாம். பேன்ட்டுக்கு வேறு கடை பாருங்கள்.