வராத கார்டுக்கு 1,30,000 ரூபாய்: முன்பதிவு செய்யப் போகிறவர்கள் கவனத்துக்கு

நேற்று மாலை என் பழைய கிராபிக்ஸ் கார்டை (கணினியில் காட்சிகளை உருவாக்கும் பாகம்) ஒரு கடையின் கண்ணாடி அலமாரிக்குள் பார்த்தேன். 1,48,000 ரூபாய் என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தார்கள். இதே கடைக்காரர்தான் 2025 ஜனவரியில் இதே கார்டை என்னிடமிருந்து 70,000 ரூபாய்க்கு எடுத்துக்கொண்டார். அந்த 70,000 ரூபாய் என் கைக்கு வரவில்லை. அதற்கு முன் முன்பணமாகக் கொடுத்த 60,000 ரூபாயும் திரும்பவில்லை. இரண்டுக்கும் ஈடாக வர வேண்டிய புதிய கார்டும் வரவில்லை. மொத்தம் 1,30,000 ரூபாய். இரவெல்லாம் தூக்கம் இல்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். முன்பதிவு செய்யும்போது எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டியிருக்கிறது, அதற்கு முன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள விருப்பமில்லை. கோவையில் கணினி உதிரிபாகங்கள் விற்கும் கடை. இணையத்திலும் விற்கிறார்கள். வாட்ஸ்ஆப் குழுவில் தினமும் விலைப்பட்டியல் போடுவார்கள். அவ்வளவு போதும்.

என் தொழில் கட்டிடங்களுக்கு முப்பரிமாணக் காட்சிகள் செய்து கொடுப்பது. அஸ்திவாரம் தோண்டும் முன்பே அந்த வீட்டு வரவேற்பறையில் காலை வெயில் எப்படி விழும் என்று படமாகக் காட்டுவேன். அதற்காக 2023ல் இதே கடையில் என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு வாங்கினேன். 24 ஜிபி நினைவகம். பெரிய அடுக்குமாடித் திட்டத்தைக் கூட மூச்சுத் திணறாமல் தூக்கும். உண்மையைச் சொன்னால், அதை விற்க எனக்கு எந்த அவசியமும் இல்லை. இதை எழுதும்போதே என் மேல் எனக்கு எரிச்சலாக வருகிறது.

அந்தக் கடைக்காரரை நான் நம்பியதற்குக் காரணம் இருந்தது. 2021ல் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் உலகத்தில் இருந்த கார்டையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். பட்டியல் விலையைப் போல இரண்டு மடங்கு கேட்டார்கள் மற்ற கடைகளில். இந்தத் தம்பி அப்போது எனக்கு ஒரு 3060 கார்டைச் சில ஆயிரம் மட்டும் கூட்டிக் கொடுத்தார். அந்த நன்றியில் எத்தனை பேரை அந்தக் கடைக்கு அனுப்பியிருப்பேன் தெரியுமா?

2024 டிசம்பரில் எங்கு பார்த்தாலும் 4090க்கு அடுத்து வரவிருந்த 5090 கார்டு பற்றிய யூகம்தான். 2,000 டாலர் என்றார் ஒருவர், 2,500 என்றார் இன்னொருவர். ஜனவரியில் வரும் என்றார்கள், மார்ச்சுக்குத் தள்ளிப்போகும் என்றார்கள். கடையின் வாட்ஸ்ஆப் குழுவில் ஒருநாள், "5090 எதிர்பார்ப்பு விலை 2,60,000க்கு மேல், முன்பதிவு தொடக்கம்" என்று செய்தி வந்தது. நேரில் போனேன்.

அந்த அரை மணி நேரத்தை எத்தனை முறை நினைத்துப் பார்த்துவிட்டேன். பேப்பர் கப்பில் தேநீர் வரவழைத்தார். கடைப் பையனை வெளியே அனுப்பினார். பிறகு தன் கணினித் திரையை என் பக்கமாகத் திருப்பினார். எக்செல் தாளில் வரிசையாக எண்கள். "மொத்த விநியோகஸ்தர் அனுப்பியது அண்ணா, இதை வேறு யாருக்கும் காட்டுவதில்லை" என்றார். 5090க்கு நேராக 2,58,500 என்று இருந்தது. ரவுண்டாக 2,60,000 என்று இருந்திருந்தால்கூடச் சந்தேகப்பட்டிருப்பேனோ என்னவோ. அந்த ஐந்நூறுதான் என்னைச் சாய்த்தது. "உங்களுக்கு மட்டும் 2,35,000 என்று இன்றைக்கே உறுதி செய்கிறேன். 60,000 கொடுத்துவிட்டுப் போங்கள்" என்றார். யுபிஐயில் அனுப்பினேன்.

அறிவிக்கவே படாத பொருளுக்கு விநியோகஸ்தர் எப்படி விலை அனுப்புவார் என்று நான் கேட்கவில்லை. இந்த நிறுவனங்களே கடைசி நேரம்வரை விலையை முடிவு செய்வதில்லை. 2022 செப்டம்பரில் மேடையேற்றி அறிவித்த 12 ஜிபி 4080ஐ, எதிர்ப்பு கிளம்பியதும் அக்டோபர் 14ஆம் தேதி என்விடியாவே திரும்பப் பெற்றுக்கொண்டது. போட்டி நிறுவனமான ஏஎம்டியின் 9070 வரிசைக் கார்டுகளோ 2025 ஜனவரியிலேயே பல நாடுகளில் கடைகளுக்குப் போய்விட்டன. பிப்ரவரி 28 அன்று 599 டாலர், 549 டாலர் என்று அறிவிக்கும்வரை அவை விலை தெரியாமல் கிடங்கில் தூங்கின. சரக்கைக் கையில் வைத்திருந்தவனுக்கே விலை தெரியாது. சரக்கே வராதவர் எக்செல் தாளில் 2,58,500 என்று காட்டுகிறார், நானும் தலையாட்டுகிறேன்.

ஜனவரி 7ஆம் தேதி காலை எட்டு மணிக்கு, லாஸ் வேகஸ் மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் பேசியதைக் காபியோடு உட்கார்ந்து பார்த்தேன். 5090க்கு 1,999 டாலர். இந்திய விலை 2,14,000. கணக்குப் போட்டால் அது நியாயமாகவே இருந்தது. டாலர் 86 ரூபாய் என்றால் 1,72,000, அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 2,03,000 வருகிறது. இறக்குமதிச் செலவுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். நான் உறுதி செய்த விலையோ 2,35,000.

உடனே போன் செய்தேன். "அது என்விடியா நேரடியாக விற்கும் ஃபவுண்டர்ஸ் எடிஷன் அண்ணா, நம்முடையது மூன்று விசிறி வைத்த வேறு கம்பெனி மாடல், விலை கூடத்தான் இருக்கும்" என்றார். அதில் பொய் இல்லை, கூட்டாளி நிறுவனங்களின் கார்டுகள் அதிக விலைக்குத்தான் வரும். பொய்யை உண்மையோடு கலந்து ஊற்றுவதில் அவர் கெட்டிக்காரர். அடுத்த வாக்கியத்தில் வலையை வீசினார். "5070 வெறும் 59,000 ரூபாய், 4090 அளவுக்கு ஓடும் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள், பார்த்தீர்களா? இன்று மாலைக்குள் ஊரில் இருக்கிற 4090 எல்லாம் விற்பனைக்கு வந்துவிடும். நாளைக்குக் கொண்டுவந்தால் 70,000 தருகிறேன். அடுத்த வாரம் 50,000கூடப் போகாது."

5090 வரிசையிலேயே சிறிய கார்டான 5070ல் இருப்பது 12 ஜிபிதான் என்று எனக்குத் தெரியும். 4090க்கு இணை என்ற அந்தப் பேச்சு, செயற்கை நுண்ணறிவால் இடையிடையே படச்சட்டங்களை உருவாக்கி விளையாட்டுகளில் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் உத்தியை நம்பியது. முப்பரிமாண மாதிரியைப் படமாக்கும் என் ரெண்டர் வேலைக்கு அதனால் நயா பைசா பயன் இல்லை. இதெல்லாம் தெரிந்த நான், மறுநாள் காலை கார்டைக் கழற்றி, குமிழ் உறையில் சுற்றி, பழைய பெட்டியிலேயே போட்டு எடுத்துப் போனேன். எனக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாது, அதனால் சந்தை சரிந்துவிடும் என்று அவர் சொன்னதுதான் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. சந்தை சரியவில்லை. 4090 உற்பத்தி நின்றுபோனதாக அதற்கு முன்பே செய்தி வந்திருந்தது. 5090 கிடைக்காமல் போனதும் பழைய 4090க்குத்தான் கிராக்கி ஏறியது.

அவர் கொடுத்தது ஜிஎஸ்டி பில் இல்லை. "எஸ்டிமேட்" என்று அச்சிட்ட, உள்ளங்கை அகலத் துண்டுச் சீட்டு. "5090 (உத்தேசம்), வரவு 60,000 + எக்ஸ்சேஞ்ச் 70,000" என்று நீலப் பேனாவில் எழுதியிருந்தார். அதை மடித்துப் பணப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பின்பக்கம் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருப்பதை ஐந்து வாரம் கழித்துத்தான் பார்த்தேன். "எக்காரணம் கொண்டும் முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது."

ஜனவரி 30, இரவு ஏழரை மணிக்கு உலகம் முழுவதும் விற்பனை தொடங்கியது. நிமிடங்களில் காலி. மறுநாளிலிருந்து அவருடைய சாக்குகள் தொடங்கின. சீனப் புத்தாண்டு, தொழிற்சாலைகள் மூடல். (புத்தாண்டு ஜனவரி 29 என்பது உண்மைதான். டிசம்பரில் பணம் வாங்கும்போது அவருடைய காலண்டரில் அது இல்லை போலிருக்கிறது.) பிறகு சரக்கு துறைமுகத்தில் நிற்கிறது என்றார். பிப்ரவரி கடைசியில், சில கார்டுகளில் படத்தின் புள்ளிகளைத் தீட்டி முடிக்கும் ஆர்ஓபி எனப்படும் அலகுகள் குறைவாக இருப்பதாக என்விடியா ஒப்புக்கொண்ட செய்தி வந்தது. உடனே, "மொத்தத் தொகுப்பையும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் அண்ணா" என்று குரல் செய்தி அனுப்பினார். அரை சதவீதத்துக்கும் குறைவான கார்டுகளில்தான் அந்தக் குறை, பாதிக்கப்பட்டவர்கள் மாற்றிக்கொள்ளலாம் என்பதே அறிவிப்பு. யாரும் எதையும் மொத்தமாகத் திரும்ப வாங்கவில்லை.

இதற்கிடையே அதே குழுவில் அவர் கட்டிக்கொடுத்த ஒரு முழுக் கணினியின் படம் வந்தது. உள்ளே பளிச்சென்று ஒரு 5090. கேட்டேன். "அது கம்ப்ளீட் சிஸ்டம் ஆர்டர். கம்பெனி அப்படித்தான் ஒதுக்கியது" என்றார். அதாவது மதர்போர்டு, பிராசஸர், மானிட்டர் என்று தலையில் கட்டி ஐந்து லட்சத்துக்கு மேல் வாங்குகிறவருக்கு என் கார்டு போய்விட்டது. தனிக் கார்டு வேண்டுமென்றால் இப்போது 3,45,000 ஆகுமாம். உறுதி செய்த 2,35,000 என்ன ஆனது என்றால், சீட்டில் "உத்தேசம்" என்று எழுதியிருக்கிறதே, பார்க்கவில்லையா என்கிறார். டிசம்பரில் "அண்ணா" என்றவர் மார்ச்சில் "சார்" என்கிறார். அந்த மாற்றத்தைக் கவனித்த அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பணமாகத் திருப்பிக் கேட்டேன். தர மாட்டாராம், 1,30,000 ரூபாய்க்கு வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாமாம். என் 4090ஐயாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன். "அது அப்போதே விற்றுப்போய்விட்டது" என்றார்.

விற்றுப்போகவில்லை. நேற்று இதைப் பேசி முடிக்கத்தான் போனேன். அவர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருந்த நேரத்தில் பழைய பொருள்கள் அலமாரியைப் பார்த்தேன். கார்டின் பின்தகட்டில் நட்சத்திர வடிவில் ஒரு பசைத் தடம். என் மகள் ஒட்டியது. ஸ்டிக்கரை உரித்தேன், பசை போகவில்லை, விட்டுவிட்டேன். பையனிடம் சொல்லி வெளியே எடுக்க வைத்து, போனில் இருந்த 2023 பில்லின் படத்தோடு வரிசை எண்ணை ஒப்பிட்டேன். கடைசி எண்வரை ஒன்றே. பையன் ரொம்ப மரியாதையாக, "நல்ல கார்டு சார், ஒரே கை, வீட்டில் உபயோகித்தது, கேம் ஆடியதுகூட இல்லை" என்றான். அந்த ஒரே கை நான்தான் தம்பி என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவனைத் திட்டி என்ன பயன்?

முதலாளி வந்தார். வேறு வாடிக்கையாளர்கள் எதிரில் என் முகத்தையே பார்க்காமல், "வியாபாரத்துக்கு வாங்குகிறவர் நுகர்வோர் ஆக மாட்டார் சார், எங்கே வேண்டுமானாலும் போங்கள்" என்றார். இதுவும் பாதி உண்மை. வணிக நோக்கத்துக்கு வாங்கினால் சட்டம் விலக்குகிறது என்பது சரி. ஆனால் சுயதொழில் செய்து பிழைக்கிறவன் தன் பிழைப்புக்காக, தானே பயன்படுத்த வாங்கினால் அவன் நுகர்வோர்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே அந்த விளக்கம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதிவு செய்துவிட்டேன்.

இந்த 5090 575 வாட் இழுக்கும் என்பதால் ஜனவரியிலேயே 1,000 வாட் பவர் சப்ளை வேறு வாங்கி வைத்தேன். அதை 1,30,000 ரூபாயில் சேர்க்கவில்லை. பெட்டி பிரிக்காமல் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. நண்பர் ஒருவர் இரவல் கொடுத்த 8 ஜிபி கார்டில் வேலை ஓடுகிறது. நான்கு மாடிக் கட்டிடம் ஒன்றின் முகப்பை ரெண்டர் செய்ய மூன்று முறை நினைவகம் போதாமல் பாதியில் நின்றது. வெள்ளிக்கிழமை காலைக்குள் கொடுக்க வேண்டும்.

ஆலோசனை சொல்கிறேன் என்றேன். நேரம் இல்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதிகாரபூர்வ விலை வரும் முன் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். எஸ்டிமேட் சீட்டு வாங்காதீர்கள், வாங்கினால் பின்பக்கத்தைப் பாருங்கள். புதியது கையில் வரும்வரை பழைய கார்டைக் கழற்றாதீர்கள். டாலர் விலையை நீங்களே ரூபாயாக்கி ஜிஎஸ்டி சேர்த்துப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. போனில் பேசியதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். வேறு ஏதோ இருந்தது, நினைவு வரவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கடையின் வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி வந்தது: "5060 டிஐ முன்பதிவு தொடக்கம், முன்பணம் 10,000 மட்டும், விலை ஏறும் முன் முந்துங்கள்." இதை எழுதிய 2025 மார்ச்சில் அந்தக் கார்டை என்விடியா அறிவித்திருக்கவே இல்லை. கீழே அதற்குள் நான்கு பேர் "எனக்கு ஒன்று" என்று எழுதியிருந்தார்கள். "அறிவிக்காத கார்டுக்கு என்ன விலை? என் 1,30,000 எங்கே?" என்று எழுதினேன். இரண்டு நிமிடத்தில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.