இறால் பண்ணை லைசன் எடுத்துத் தருகிறேன் என்று வருபவரிடம் காசு கொடுக்காதீர்கள்

மட்டக்களப்பில் வாகரை, பனிச்சங்கேணி, வாழைச்சேனைப் பக்கம் களப்போரக் காணியில் சின்னதாக இறால் பண்ணை போட நினைக்கிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். லைசன் எடுத்துத் தருவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் ஊர் ஊராகத் திரிகிறார். எங்களிடம் வாங்கியது இரண்டு இலட்சத்துக்கு மேல். தந்தது ஒரு போட்டோ கொப்பி.

நானும் மச்சானும் மாமாவின் 2 ஏக்கர் காணியில் இரண்டு தொட்டி வெட்டத்தான் வெளிக்கிட்டோம். விண்ணப்பமும் முறைப்படி நாங்களே கொடுத்திருந்தோம். மாதங்கள் போயின, பதில் இல்லை. ஒரு அலுவலகத்தில் கேட்டால் மற்ற அலுவலகத்தின் கடிதம் இன்னும் வரவில்லை என்பார்கள். அங்கே போனால் ஃபைல் கொழும்புக்குப் போய்விட்டது என்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் இந்த மனிதர் வீடு தேடி வந்தார். நாங்கள் விண்ணப்பித்த விஷயம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்பதை யாராவது விசாரிக்கத்தான் வேண்டும்.

"தம்பி, ஒண்டுக்கும் யோசிக்காதீங்க, ஃபைல் என்ட கையில. மாரிக்கு முதல் இறால் பிடிச்சிரலாம்" என்றார்.

மாரியைச் சொன்னால் இங்கே யாரும் அசைந்துதான் போவார்கள். குஞ்சு விட்டு இறால் பிடிக்க மூன்று நான்கு மாதம் வேண்டும். கார்த்திகையில் மழை ஊற்றத் தொடங்கினால் களப்புத் தண்ணீரில் உப்புக் குறைந்துவிடும், வெள்ளம் வரம்புக்கு மேலால் பாயும். ஆவணிக்குப் பிறகு குஞ்சு விட்டு என்ன பயன்? அந்த வருஷம் போச்சு. அனுமதி இழுபடுகிற ஒவ்வொரு மாதமும் இந்த மாதிரி ஆட்களுக்குத்தான் வருமானம்.

முதலில் 'ஃபைல் செலவு' 75,000 ரூபா. பிறகு சுற்றாடல் அறிக்கைக்கென்று 140,000. 1993 ஆம் ஆண்டு வர்த்தமானிப்படி சுற்றாடல் தாக்க மதிப்பீடு கேட்பது 4 ஹெக்டேயரைத் தாண்டும் பண்ணைகளுக்கு, அதாவது கிட்டத்தட்ட 10 ஏக்கருக்கு மேல். எங்களுடையது 2 ஏக்கர். எந்த அலுவலகமும் அப்படியொரு அறிக்கையை எங்களிடம் கேட்கவேயில்லை.

அப்புறம் வந்ததுதான் அந்தக் கடிதம். மேலே அரச இலச்சினை, ஒரு இலக்கம், கீழே கையொப்பம், கொப்பியில் கறுத்துப்போன வட்ட முத்திரை. முழுக்கச் சிங்களம். "இதுதான் லைசன், இனிப் பெக்கோவை இறக்குங்க" என்று, மண் வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனார். சிங்களம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் வாசித்துச் சொன்னார்: உங்கள் விண்ணப்பம் கிடைத்தது, பரிசீலனையில் உள்ளது. வேறொன்றும் அதில் இல்லை. திகதியையும் இலக்கத்தையும் ஒத்துப் பார்த்தால், அது நாங்களே கொடுத்த விண்ணப்பத்துக்கு வந்த பதில். எங்களுக்கு வரவேண்டிய கடிதத்தையே எங்களிடம் விற்றிருக்கிறார்.

அவர் சொன்னபடி பெக்கோவை இறக்கியிருந்தால் காசோடு சேர்த்து வழக்கும் வந்திருக்கும். 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் பண்ணை நடத்த முடியாது. அது நக்டா (தேசிய நீருயிரினச் செய்கை அபிவிருத்தி அதிகாரசபை) வழியாகப் போகிற காரியம். காணி அரசு பெர்மிட்டில் தந்த காணி என்றால் அது விவசாயத்துக்கோ குடியிருப்புக்கோ தந்தது; தொட்டி வெட்டப் பிரதேச செயலகத்தின் சம்மதம் வேண்டும். கடலோரத்தில் 300 மீற்றருக்குள் வரும் காணிக்கும், களப்பு கடலோடு சேரும் பகுதிகளுக்கும் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. இத்தனை இடமும் ஒரே ஆளின் கையில் இருக்க வழியே இல்லை.

அனுமதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1996 இல் புத்தளம், சிலாபம் பக்கம் வெண்புள்ளி நோய் வந்து பண்ணை பண்ணையாக அழிந்தது. ஒருவர் வெளியே விடும் தண்ணீரை அடுத்தவர் உள்ளே எடுக்கிற தொழில் இது. கண்காணிப்பு கட்டாயம் வேண்டும். ஆனால் அனுமதி தருகிறோம் என்றோ தரமாட்டோம் என்றோ ஒரு பதிலை நேரத்துக்குச் சொல்லிவிட்டால் தரகருக்கு இங்கே வேலையே இருக்காது. கோபம் வருவது அதில்தான்.

உங்கள் ஃபைல் எங்கே நிற்கிறது என்று அறிய யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். தமிழில் எழுதி, தமிழிலேயே பதில் கேளுங்கள். அது உங்கள் உரிமை. எங்கள் ஃபைல் இன்னும் கள ஆய்வுக்கே காத்திருக்கிறது என்று இப்படித்தான் தெரிய வந்தது. கட்டணம் எதுவானாலும் அலுவலகத்திலேயே கட்டி, அரச பற்றுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லைசனை உங்கள் பெயரில், கண்ணால் பார்க்கும் வரை தொட்டி வெட்டவோ குஞ்சுக்கு முற்பணம் கொடுக்கவோ வேண்டாம்.

பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். இதே ஆளிடம் காசு கொடுத்த இன்னும் சில குடும்பங்கள் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். அவர் எழுதித் தந்த துண்டு, வங்கியில் போட்ட சீட்டு, வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவு எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு நீங்களும் போய் முறைப்பாடு போடுங்கள். தனித்தனியாகப் போனால் இது கொடுக்கல் வாங்கல் தகராறு என்று சொல்லிப் பொலிசில் திருப்பி அனுப்பிவிட இடமிருக்கிறது.