பெரிய மோட்டாரா, தடையில்லாத காற்றுப் பாதையா, புதிய பிரஷ் ரோலரா?

கார்ப்பெட்டில் மண் நிற்கிறது என்றதும், நிமிர்த்திய கைப்பிடியால் தள்ளி ஓட்டும் அப்ரைட் வாக்குவம் கிளீனரைப் பிரித்துப் பார்க்கத் துணிந்தவர்களின் கண் முதலில் மோட்டார் மீது விழுகிறது. அடுத்து ஹோஸ், பை, வடிகட்டி. கார்ப்பெட்டைத் தொட்டுச் சுழலும் பிரஷ் ரோலர் கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது. இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்க வேண்டும் என்பதே என் கட்சி.

எதையும் கழற்றும் முன் கையில் இருப்பது எந்த ரகம் என்று பார்க்க வேண்டும். ஒரு ரகத்தில் தூசி கலந்த காற்று நேராக விசிறிக்குள் புகுந்து, அதன் பிறகே பைக்குப் போகிறது. 1908-இல் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர் காப்புரிமை பெற்ற இயந்திரம் இந்த வழியில் வந்ததுதான். கிர்பி இயந்திரங்கள் இன்றும் இதையே பின்பற்றுகின்றன. கார்ப்பெட் மீது நகரும் முகப்புக்குப் பக்கத்திலேயே விசிறி இருப்பதால் பாதை குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும்; காற்றோட்டம் தாராளம், உறிஞ்சு விசை குறைவு. மற்ற ரகத்தில் காற்று முதலில் பையிலோ கலனிலோ தூசியை விட்டுவிட்டு, வடிகட்டியைத் தாண்டி விசிறிக்கு வருகிறது. உறிஞ்சு விசை அதிகம். ஆனால் பாதை நீளம், வளைவுகளும் பல. முதல் ரகத்தில் பையை மாற்றினால் பெரிய பலன் கிடைக்கும். இரண்டாவதில் கசிவையும் குறுகலையும் தேடிப் பிடிக்க வேண்டும். ஒன்றுக்கான வைத்தியத்தை மற்றொன்றுக்குச் செய்துவிட்டுப் பலனில்லை என்று நொந்துகொள்பவர்கள் நிறைய.

மோட்டாரின் வாட் எண்ணை நம்பி இறங்குபவர்களுக்கு ஒரு விளக்கம். முகப்பை முழுதாக மூடினால் உறிஞ்சு விசை உச்சத்தில் இருக்கும், காற்றோட்டம் பூஜ்யம். முழுதாகத் திறந்தால் ஓட்டம் உச்சம், விசை பூஜ்யத்தை ஒட்டிவிடும். பெட்டியில் அச்சிட்ட இரண்டு உச்ச எண்களும் ஒரே நேரத்தில் கிடைப்பதே இல்லை. கார்ப்பெட் மீது வேலை நடப்பது இரண்டுக்கும் நடுவில் எங்கோ ஓரிடத்தில். ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் 1,600 வாட் என்றும், 2017 செப்டம்பரில் 900 வாட் என்றும் உச்சவரம்பு வைத்தது. கார்ப்பெட்டில் இவ்வளவு தூசியாவது எடுத்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் அதே விதிகளில் இருந்தது. பெரிய மோட்டார் இல்லாமல் கார்ப்பெட் சுத்தமாகாது என்றால் அந்த இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நிற்க முடியாது.

போதாக்குறைக்கு, பெரிய மோட்டாரின் மின்னோட்டத்தைப் பழைய சுவிட்சும் வயரும் தாங்க வேண்டும். விசிறிக்கும் அதன் கூட்டுக்கும் இடையிலான சந்து கூடினால் வாங்கிய பலத்தில் பெரும்பகுதி அங்கேயே சுற்றிக் கரைந்துவிடும். விசை கூடக் கூட மென்மையான, அடர்ந்த கார்ப்பெட்டில் முகப்பு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். ஒட்டிக்கொண்ட முகப்புக்கு அடியில் காற்று ஓடாது. காற்று ஓடாவிட்டால் மண் வராது.

காற்றுப் பாதையைச் சீர்செய்வது இதைவிடப் பல மடங்கு புத்திசாலித்தனம். குழாயின் விட்டம் சற்றுக் கூடினாலே உராய்வு இழப்பு வேகமாகச் சரிகிறது. ஏறக்குறைய விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில். 32 மில்லிமீட்டர் ஹோஸுக்குப் பதில் 38 மில்லிமீட்டர் போட்டால், அதே காற்றோட்டத்துக்கு இழப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் ஹோஸைவிட வழவழப்பானது நல்லது. ஆனால் பல அப்ரைட்களில் முகப்பிலிருந்து கலனுக்குப் போகும் வழியில் ஒரு சின்ன முழங்கை வளைவுதான் மிகக் குறுகிய இடம். அதை விட்டுவிட்டு மற்ற இடங்களை அகலமாக்குவது வீண். அளவுக்கு மீறி அகலமாக்கினாலும் காற்றின் வேகம் குறைந்து, கனமான மணல் செங்குத்துக் குழாயில் ஏறாமல் கீழேயே தங்கும்.

கசிவை அடைப்பதற்குச் செலவே கிடையாது என்று சொல்லலாம். விசிறிக்கு முன்னால் இருக்கும் கசிவு வெளியே தூசி கக்காது. வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அதனால் கண்ணில் படாது. இயந்திரத்தை ஓடவிட்டு, மெல்லிய காகிதத் துண்டு ஒன்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பின் மீதும் மெதுவாக நகர்த்த வேண்டும். ஹோஸின் அடிப் பிடிப்பு, கலனின் வாய், கைப்பிடி சாயும் திருகுமூட்டு என்று வரும்போது, எங்கே நுனி சட்டென்று உள்பக்கம் வளைந்து ஒட்டுகிறதோ அங்கே இணைப்பை அடைக்கும் காஸ்கெட் தேய்ந்திருக்கிறது. அந்த இடத்தில் நுழையும் காற்று கார்ப்பெட்டைத் தொடாமல் மோட்டாருக்குப் போய்விடுகிறது.

காகிதப் பைக்கும் பல அடுக்குச் செயற்கை இழைப் பைக்கும் போட்டியென்றால் என் ஓட்டு பின்னதற்கு. புதிதாக மாட்டும்போது இரண்டும் நன்றாகவே இருக்கும். நுண்தூசி படியத் தொடங்கியதும் காகிதத்தின் துளைகள் சீக்கிரம் அடைந்துவிடுகின்றன. இழைப் பை நீண்ட நேரம் மூச்சுவிடுகிறது. வடிகட்டியையே எடுத்து எறிந்துவிடுவதும் ஒரு மாற்றமாகப் பேசப்படுகிறது. செய்யக் கூடாது. ஓட்டம் கூடுவது உண்மைதான். ஆனால் நுண்தூசி அறைக்கே திரும்பி வரும். வேலை செய்யும் காற்றாலேயே குளிரும் மோட்டாரானால் தூசி சுருளுக்குள்ளும் தாங்கிக்குள்ளும் (பேரிங்) புகுந்து அதன் ஆயுளைக் குடித்துவிடும்.

இனி பிரஷ் ரோலர். கார்ப்பெட்டின் அடியில் கிடக்கும் மணலைக் காற்று தனியாகத் தூக்காது. முதலில் யாராவது தட்டி, இழைகளைப் பிரித்து, மணலைக் கிளப்பிவிட வேண்டும். ஹூவர் நிறுவனம் 1926-இல் ரோலரில் தட்டும் பட்டைகளைச் சேர்த்ததும் இதற்காகத்தான். ரோலரைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். இரு முனைகளிலும் முடி இறுகச் சுற்றித் தாங்கியை நெரித்துக்கொண்டிருக்கும். நடுவில் மயிர்க்கற்றைகள் முகப்பின் விளிம்புக்குள் பதுங்கும் அளவுக்குத் தேய்ந்திருக்கும். ரோலரைச் சுழற்றும் பெல்ட் பார்வைக்கு முழுதாக இருந்தாலும் நீண்டுபோயிருக்கலாம். தரையில் வைக்காதபோது வேகமாகச் சுழன்று, கார்ப்பெட்டில் வைத்ததும் தயங்கினால் பெல்ட் வழுக்குகிறது என்று பொருள். புதுப் பெல்ட், நெருக்கமான புது மயிர் வரிசை, முகப்புக்குச் சரியான உயரம் ஆகிய மூன்றும் சேர்ந்து தரும் மாற்றத்துக்கு மோட்டார் மாற்றம் கிட்டவே வராது.

பல் வைத்த பெல்ட்டுக்கு மாறலாமா என்றால், வழுக்கல் நிற்கும். ஆனால் ஏதாவது சிக்கி ரோலர் நின்றால் தட்டைப் பெல்ட் வழுக்கிக் காப்பாற்றும், பல் பெல்ட் சுமையை மோட்டார் மீதே ஏற்றிவிடும். சுமை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்பு ஏற்கெனவே உள்ள இயந்திரத்தில் மட்டும் போடலாம். விறைப்பான மயிர், இழை நுனிகளை வெட்டிவிட்ட வெட்டிழைக் கார்ப்பெட்டுக்குப் பொருந்தும். இழையை வெட்டாமல் வளையமாக விட்ட சுருளிழைக் கார்ப்பெட்டிலும் கம்பளியிலும் அது இழையைப் பிய்த்துப் பஞ்சாக்கும். அங்கே மென்மயிரே போதும்.

செய்த மாற்றம் பலித்ததா என்பதைக் காதால் மட்டும் தீர்மானிக்க வேண்டாம். பாதை அடைந்தால் விசிறிக்கு வேலை குறைந்து மோட்டார் இன்னும் வேகமாகச் சுழன்று கீச்சிடும். அதைக் கேட்டு இழுவை கூடிவிட்டது என்று மகிழ்பவர்கள் உண்டு. அமெரிக்கத் தரநிர்ணய அமைப்பான ஏ.எஸ்.டி.எம். வகுத்த எஃப்608 சோதனையில் 90 விழுக்காடு மணலும் 10 விழுக்காடு டால்க் பொடியும் கலந்து கார்ப்பெட்டில் அழுத்தித் தேய்த்து, எவ்வளவு மீள்கிறது என்று எடை போடுகிறார்கள். வீட்டிலும் இதன் எளிய வடிவம் சாத்தியம். பழைய கார்ப்பெட் துண்டில் எடைபோட்ட உலர்ந்த நுண்மணலைத் தூவி மிதித்து, ஒரே வேகத்தில், ஒரே எண்ணிக்கையில் இயந்திரத்தை ஓட்டிவிட்டு, பையையோ கலனையோ நிறுத்துப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகே திருப்புளியைத் தொட வேண்டும்.